சிரித்தால்தான் க்ளிக்

நீராவி இஸ்திரிப் பெட்டி வேண்டுமா, டிஜிட்டல் கேமரா வேண்டுமா? அலுவலகம் கேட்டது இந்த ஒரு கேள்விதான். நம்ம சூப்பர்வைசர் அதற்குச் சொன்ன பதில்தான் பின்னால் நடந்த எல்லாக் கூத்துக்கும் காரணம்.

அவர் குடிநீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவு சூப்பர்வைசர். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று யார் வந்து நின்றாலும் பொறுமையாகக் கேட்பார். "கவனிக்கிறோம்" என்பார். அதோடு சரி. இப்படிக் கவனித்துக் கவனித்தே காலத்தை ஓட்டிய மனிதருக்குப் பரிசு கொடுக்க வேண்டும் என்று மேலிடத்துக்கு ஏன்தான் தோன்றியதோ! இரண்டு பொருளை மேசைமேல் வைத்து, பிடித்ததை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

காலையிலேயே மனைவி படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தாள். அவள் வீட்டிலேயே துணி தைத்துக் கொடுப்பவள். குடியிருப்பு முழுக்க அவளுக்கு டெய்லரம்மா என்றுதான் பெயர்.

"ஏங்க, இஸ்திரிப் பெட்டி. மறந்துடாதீங்க. அந்தப் பழைய பெட்டியோட மல்லுக்கட்டி என் கையே போச்சு."

"சின்னப் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி சொல்றியே. இஸ்திரிப் பெட்டி. அவ்வளவுதானே?"

சாயங்காலம் கழுத்தில் கேமராவைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்து நின்றார்.

"இது துணி தேய்க்குமா?" என்று கேட்டாள்.

"விளையாடாதே. பன்னிரண்டு மெகாபிக்சல்! அஞ்சு மடங்கு ஆப்டிகல் ஜூம்! கை நடுங்கினா அதுவே சமாளிச்சுக்கும். மூஞ்சி எங்கே இருக்குன்னு அதுவே கண்டுபிடிச்சுக் கட்டம் போடும். எல்லாத்துக்கும் மேல, சிரிப்பு ஷட்டர்!"

"அது என்னது?"

"எதிர்ல இருக்கிற ஆள் சிரிச்சா போதும். பட்டனையே தொட வேண்டாம். தானா க்ளிக் ஆகும். எங்கே, சிரி பார்க்கலாம்!"

கேமரா காத்திருந்தது. அவர் காத்திருந்தார். அவள் அந்தச் சின்ன வெள்ளிப் பெட்டியை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

"சிரிக்கிறதுக்கு ஒரு காரணம் வேணுமே," என்று சொல்லிவிட்டு அடுப்பைக் கவனிக்கப் போய்விட்டாள்.

அன்றைக்கு ஆரம்பித்தது பிரசங்கம். காலையில் பல் தேய்த்துக்கொண்டே ஷட்டர் வேகம் என்றால் என்னவென்று சொல்வார். சாப்பிடும்போது ஐஎஸ்ஓ. தூங்கப் போகும்போது வெள்ளைச் சமநிலை. எதிர்வீட்டு வேன் டிரைவர் படியேறி வந்தால் அவரைப் பிடித்து நிறுத்தி, "டிஜிட்டல் ஜூம்னா என்ன தெரியுமா? வெறும் ஏமாத்து! ஆப்டிகல்தான் அசல்!" என்பார். அந்த ஆள் பாவம், நாள் முழுக்க ஸ்டியரிங் பிடித்துவிட்டு வந்தவர். "ஆமாங்க, ஆமாங்க" என்று தலையாட்டிவிட்டு ஓடிவிடுவார். டெய்லரம்மா மட்டும் ஓடவில்லை. மிஷினை மிதித்துக்கொண்டே எல்லாவற்றையும் ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள். மனைவி இத்தனை அக்கறையாகக் கேட்கிறாளே என்று மனிதருக்கு உச்சி குளிர்ந்துபோனது. அப்போதே கொஞ்சம் உஷாராகியிருக்க வேண்டும். எங்கே!

உச்சி குளிர்ந்த வேகத்தில் ஒரு பெரிய முடிவு எடுத்தார்.

"கேட்டுக்கோ. அந்தச் சாமான் ரூமை ஸ்டுடியோ ஆக்கப் போறேன்."

தடதடவென்று ஓடிக்கொண்டிருந்த மிஷின் டக்கென்று நின்றது.

அந்தச் சாமான் ரூம் சாதாரண விஷயம் இல்லை. ஹாலுக்கு நேர் எதிரே, ஜன்னல் வைத்த நல்ல அறை. அதில் வசித்தவை அட்டைப்பெட்டிகள். மின்விசிறி வந்த பெட்டி, மிக்சி வந்த பெட்டி, டிவி வந்த பெட்டி. ஒன்றையும் தூக்கிப்போட விடமாட்டார் சூப்பர்வைசர். பெட்டி போனால் வாரண்டி போய்விடுமாம். "மிக்சியே போய்ச் சேர்ந்தாச்சு, இன்னும் என்ன வாரண்டி?" என்று அவளும் கேட்டுப் பார்த்துவிட்டாள். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அந்த ரூமைத்தான் கேட்கிறாள், தையல் மிஷினைப் போட்டுக்கொள்ள. ஹால் மூலையில் முதுகை ஒடுக்கிக்கொண்டு தைக்கிறாள். அளவு கொடுக்க வருகிற பெண்கள், டிவி பார்த்துக்கொண்டு பனியனோடு சாய்ந்திருக்கும் இவரைக் கண்டதும், "அப்புறம் வரேன்க்கா" என்று போய்விடுகிறார்கள். போனவர்கள் போனவர்கள்தான். ரூம் கேட்டு அவள் கொடுத்த புகாருக்கும் அவர் இத்தனை காலமாகச் சொன்னது, "கவனிக்கிறேன்."

"அது நான் கேட்ட ரூம்," என்றாள்.

"நீ கேட்டே. நான் எடுத்துக்கிட்டேன். கலைன்னா சும்மாவா?"

"கலையா? இதுவரைக்கும் என்னை ஒரு படம் உருப்படியா எடுத்திருக்கீங்களா?"

"எடுத்தா?"

"எடுத்தாப் பார்க்கலாம்."

சூப்பர்வைசருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. எதிர்வீட்டுக் கதவைத் தட்டி, வேன் டிரைவரையும் அவர் வீட்டம்மாவையும் சாட்சிக்கு அழைத்துவந்து நிறுத்தினார்.

"பந்தயம்! இந்த மாசத்துக்குள்ள உன்னை ஒரு படம், ஒரே ஒரு படம் எடுக்கிறேன். அதை நீயே உன் வாயால நல்லா இருக்குன்னு சொல்லணும். சொன்னா ரூம் எனக்கு."

"சொல்லலைன்னா?"

"உனக்கு!"

"பேச்சு மாறக் கூடாது."

"நான் மாறுவேனா?"

டிரைவர் வீட்டம்மா டெய்லரம்மாவைப் பார்த்தாள். டெய்லரம்மா டிரைவர் வீட்டம்மாவைப் பார்த்தாள். ஆண்கள் இருவரும் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை, ஹாலிலேயே உட்கார வைத்து எடுத்தார். ஹால் சின்னது. ஜூம் போடாமல், முகத்துக்கு நேரே கேமராவை நீட்டி ஒரு க்ளிக். திரையைத் திருப்பிக் காட்டினார்.

"இது யாரு?"

"நீதான்."

"என் மூக்கு இவ்வளவு பெரிசா? படத்துக்குள்ள மூக்குதான் முன்னாடி வருது, நான் பின்னாடி வரேன்."

"அது வந்து... வைடு ஆங்கிள். கிட்ட நின்னு எடுத்தா அப்படித்தான் தெரியும்."

"தள்ளி நின்னு ஜூம் போட்டு எடுக்கணும், அப்போதான் முகம் முகமா இருக்கும். நீங்கதானே சொன்னீங்க?"

சொன்னது அவர்தான். சாப்பாட்டு நேரத்தில், முழுசாகவே சொல்லியிருந்தார்.

"தள்ளி நிக்க ஹால்ல இடம் இல்லையே."

"நான் வேணும்னா அந்தச் சாமான் ரூமுக்குள்ள உட்கார்றேன். நீங்க ஹால் கடைசியில நின்னு எடுங்க. நேர்கோடா இருக்கே."

அட, நல்ல யோசனைதான்! சூப்பர்வைசர் பெட்டிகளுக்கு நடுவே ஒரு நாற்காலி போட்டு அவளை உட்காரவைத்தார். ஹால் கடைசியில் போய் நின்று ஜூம் போட்டார். கேமரா ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, டிவி பெட்டிமேல் அச்சடித்திருந்த பெண்ணின் முகத்துக்குப் பச்சைக் கட்டம் போட்டது. ஒருவழியாக அதை ஏமாற்றி மனைவிக்குக் கட்டம் வாங்கி எடுத்தார்.

"மூக்கு சரியாயிடுச்சு," என்று ஒத்துக்கொண்டாள். அவர் முகம் மலர்ந்தது. "ஆனா ஏங்க, என் தலைக்குப் பின்னாடி மிக்சி படம், காது பக்கத்துல மின்விசிறி. கிடங்குல வேலைக்குச் சேர்ந்த மாதிரி இருக்கேன். பின்னணியை மங்கலாக்கலாம்னு சொன்னீங்களே?"

"அது பெரிய கேமராவுலதான் நல்லா வரும். இது கையடக்கம். சென்சார் சின்னது. முன்னாடி இருக்கிறதும் பின்னாடி இருக்கிறதும் எல்லாமே தெளிவா விழும்."

"அப்போ பின்னாடி ஒண்ணும் இல்லாம இருந்தாத்தான் படம் நல்லா வரும். இல்லையா?"

சூப்பர்வைசர் பெட்டிகளைப் பார்த்தார். பெட்டிகள் சூப்பர்வைசரைப் பார்த்தன. ஆனால் கலை என்று வந்துவிட்டால் தியாகம் செய்யத்தானே வேண்டும்? அன்று மதியமே பழைய சாமான்காரரைக் கூப்பிட்டு மொத்தத்தையும் அனுப்பிவிட்டார். வண்டி தெருமுனை திரும்பும்வரை வாசலிலேயே நின்றார். டெய்லரம்மா துடைப்பத்தோடு அறைக்குள் போனாள். பாவம், பின்னணியைச் சுத்தம் பண்ணுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எடுத்த படத்தில் முகமெல்லாம் புள்ளி புள்ளியாக இருந்தது.

"அம்மை போட்டிருக்கா எனக்கு?"

"அது நாய்ஸ். வெளிச்சம் பத்தலை. கேமரா தானா ஐஎஸ்ஓவை, அதான் வெளிச்சத்தை இழுக்கிற சக்தியை, ஏத்திடுச்சு. ஏத்தினா இப்படித்தான் பொரிஞ்சுபோகும்."

"ஃப்ளாஷ் போட்டா?"

போட்டார். கண்ணிரண்டும் சிவப்பாக எரிந்தன. நெற்றி எண்ணெய்ச் சட்டி போலப் பளபளத்தது.

"என்னைப் பார்த்தா எனக்கே பயமா இருக்கு," என்றாள். "ஜன்னல் வெளிச்சத்துக்கு ஈடு இல்லைன்னு நீங்கதானே சொன்னீங்க? அந்த ஜன்னல் திறந்தா எப்படி?"

அந்த ஜன்னல் திறந்து யுகமாகியிருந்தது. கீல் இறுகி, கண்ணாடியில் தூசி கெட்டிப்பட்டு, கதவு சட்டத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. சூப்பர்வைசர் சுத்தியலும் எண்ணெயும் எடுத்துக்கொண்டு ஏணிமேல் ஏறினார். மாலைவரை அதோடு மல்லுக்கு நின்றார். ஜன்னல் திறந்ததும் அறைக்குள் வெயிலும் காற்றும் கொட்டின. "எவ்வளவு வெளிச்சம்!" என்று வாயைப் பிளந்தாள் மனைவி. அவருக்குப் பெருமை தாங்கவில்லை. வெளிச்சத்தைத் தானே கண்டுபிடித்த மாதிரி இடுப்பில் கைவைத்து நின்றார்.

வெளிச்சம் வந்ததும் இன்னொரு சனியன் முளைத்தது. சுவரில் பழைய மஞ்சள் சாயம். வெயில் அதில் பட்டுத் திரும்பி அவள் முகமெல்லாம் மஞ்சள்.

"காமாலை வந்த மாதிரி இருக்கேன்."

"வெள்ளைச் சமநிலையை மாத்தினா சரியாயிடும். இரு." மேகமூட்டம் என்ற அமைப்பில் வைத்தார். காமாலை முற்றியது. குண்டு பல்பு அமைப்பில் வைத்தார். ஆள் நீலமாகிவிட்டாள்.

"இப்போ ஐஸ் பெட்டியில வெச்சு எடுத்த மாதிரி இருக்கு. சுவரே வெள்ளையா இருந்தா இந்தத் தொல்லையே இல்லை. இல்லீங்களா? சொல்லுங்க, தெரியாமத்தான் கேக்கறேன்."

தெரியாமத்தான் கேட்டாளாம்! அலுவலகத்தில் விடுப்பு போட்டார். வேன் டிரைவரை உதவிக்குக் கூப்பிட்டு, நாலு சுவருக்கும் வெள்ளை அடித்தார். இரண்டு பேருக்கும் மீசை நரைத்துவிட்டது.

"அண்ணே," என்றார் டிரைவர், பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டே. "போட்டோவுக்கு ஒரு சுவர் போதாதா? நாலும் எதுக்கு?"

"ஒளி நாலு பக்கமும் பட்டுத் திரும்பணும்யா. உனக்கு இதெல்லாம் புரியாது."

டிரைவர் வாயை மூடிக்கொண்டார். அவர் வீட்டம்மா எதிர்வீட்டுக்குள்ளிருந்து, "உங்களுக்கு எதுக்குங்க ஊர்வம்பு? பிரஷ்ஷைக் கழுவிட்டு வாங்க!" என்று குரல் கொடுத்ததும் ஒரு காரணம்.

மாதம் கரைந்துகொண்டே போனது. சூப்பர்வைசருக்குக் கவலை வந்துவிட்டது. இத்தனை பாடுபட்டும் ரூம் கைவிட்டுப் போய்விட்டால்? அலுவலகத்தில் எல்லோரிடமும் ஸ்டுடியோ பற்றி வாய்கிழியப் பேசியாகிவிட்டது. இனி முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

"இந்த வாட்டி ஒழுங்கா உட்காரு. முகத்தை உர்ருன்னு வெச்சுக்காதே. இயல்பா இரு."

"சும்மா நாற்காலியில உட்கார்ந்தா எனக்குக் கையை எங்கே வெக்கிறதுன்னே தெரியலைங்க. மிஷின் முன்னாடி இருந்தா இயல்பா இருப்பேன்."

அது பழைய இரும்பு மிஷின். ஆனையைத் தூக்குவதும் அதைத் தூக்குவதும் ஒன்று. டிரைவர் ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம். ஹாலிலிருந்து ஜன்னலோரம்வரை கொண்டுபோய்ப் போட்டார்கள். போட்டுவிட்டு நிமிரப் பார்த்தவருக்கு நிமிர வரவில்லை. இடுப்பு பிடித்துக்கொண்டது. பிடித்த இடுப்போடு கேமராவைத் தூக்கினார். மிஷினை மிதிக்க ஆரம்பித்தவளின் கை படத்தில் பஞ்சு மாதிரி கலைந்து விழுந்தது. ஷட்டர் வேகம் போதவில்லை. வேகம் கூட்டினால் இருட்டுகிறது. இருட்டினால் வெளிச்சம் வேண்டும். மிஷினுக்கு நேர்மேலே நீளமான குழல் விளக்கு மாட்டினார். முகத்தின் ஒரு பக்கம் நிழலாக இருக்கிறது, கண்ணாடி வைத்து வெளிச்சத்தைத் திருப்பலாம் என்று அவரேதான் சொன்னார். படுக்கையறையிலிருந்த ஆளுயரக் கண்ணாடியை அவரேதான் உருட்டிக்கொண்டு வந்தார். படத்தின் இடது பக்கம் வெறிச்சென்று கிடக்கிறதே, மூன்றில் ஒரு பங்கு வீணாகலாமா என்று அவரே ஒரு கம்பி அடித்து, தைத்த உடைகளை வரிசையாக அதில் தொங்கவிட்டார். எல்லாம் அவர் யோசனை! டெய்லரம்மா வாயையே திறக்கவில்லை. வாயில் குண்டூசிகள் இருந்தன.

"கொஞ்சம் சிரியேன்! சிரிப்பு ஷட்டர் போட்டிருக்கேன்!"

"ம்ம்ஹும்," என்றாள், குண்டூசியைக் காட்டி.

சரி போகட்டும் என்று கையாலேயே பட்டனை அமுக்கினார்.

திரையைப் பார்த்தார். ஜன்னல் வெளிச்சம் அவள் கன்னத்தில் மெத்தென்று விழுந்திருந்தது. ஊசிக்குக் கீழே ஓடும் துணியில் அவள் கவனம். பின்னால் வெள்ளைச் சுவர், பக்கத்தில் கண்ணாடி, வரிசையாக உடைகள். இவ்வளவு அழகாக இவள் எப்போது ஆனாள் என்று ஒரு நிமிடம் மனிதர் சத்தியமாக ஆடிப்போனார். கேமராவை அவளிடம் நீட்டினார்.

அவள் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஊசிமெத்தையில் குத்தினாள்.

"நல்லா இருக்குங்க," என்றாள்.

"என்னது?"

"படம் நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு. நீங்க ஜெயிச்சுட்டீங்க. ரூம் உங்களுக்குத்தான்."

சூப்பர்வைசர் குதித்தார். இடுப்பு வெடுக்கென்றது. குதித்தது குதித்ததாகவே இருக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

"இதைப் பெரிசா பிரிண்ட் போட்டுக் கீழே மாடிப்படிகிட்ட மாட்டுங்களேன்," என்றாள். "உங்க திறமையை எல்லாரும் பார்க்கட்டும்."

இதைக்கூடச் செய்யாவிட்டால் அவர் என்ன கலைஞர்? படத்தைப் பெரிதாகப் போட்டு, சட்டமிட்டு, போகிறவர் வருகிறவர் கண்ணில் படும்படி மாட்டினார். பேர் போடாமல் விட்டால் எவனாவது தன்னுடையது என்று சொல்லிவிடுவானே! அடியில் கொட்டை எழுத்தில் எழுதினார்: 'ஒளிப்படம்: சூப்பர்வைசர், முதல் மாடி, வலது பக்கக் கதவு.'

மறுநாள் காலையில் அழைப்பு மணி அடித்தது. வாசலில் ஒரு பெண். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. படிக்கட்டில் மேலும் இரண்டு பேர், கையில் பையோடு.

"கீழே படத்தைப் பார்த்தோம்," என்றாள் முதலாமவள்.

சூப்பர்வைசர் உள்ளே ஓடித் தலை வாரினார். கேமராவைக் கழுத்தில் மாட்டினார். சிரிப்பு ஷட்டரைப் போட்டார். ஓடி வந்தார்.

"வாங்க, வாங்க! எப்படி வேணும்? பாதியா, முழுசா?"

"முழுக்கைங்க. கழுத்து மட்டும் கொஞ்சம் இறக்கி."

"கழுத்தை... இறக்கியா?"

"அளவு கொடுக்கத் தனி ரூம் வந்திருக்காமே. நேத்துப் படத்தைப் பார்த்ததும்தான் தெரிஞ்சுது. கண்ணாடியெல்லாம் வெச்சு, என்ன வெளிச்சம்! இனிமே கூச்சமில்லாம வரலாம்."

எதிர்வீட்டுக் கதவு திறந்து, டிரைவர் வீட்டம்மாவும் ஒரு பையோடு வரிசையில் வந்து நின்றாள். சூப்பர்வைசருக்கு மெல்ல மெல்ல ஃபோகஸ் ஆனது. திரும்பினார். கழுத்தில் அளவு நாடாவோடு மனைவி நின்றிருந்தாள்.

"இது என்ன? ரூம் எனக்குன்னு நீதானே சொன்னே?"

"உங்களுக்குத்தாங்க. யாரு இல்லைன்னா? மிஷினை இப்பவே தூக்கிப் பழையபடி ஹால்ல போட்டுடுங்க."

சூப்பர்வைசர் மிஷினை நினைத்தார். இடுப்பு அவரை நினைத்தது.

"தூக்க முடியலைன்னா இடுப்பு சரியாகட்டும். அதுவரைக்கும் அங்கேயே இருக்கட்டும். ஆனா அளவு எடுக்கிற நேரத்துல ஆம்பளைங்க உள்ளே வரக்கூடாதுங்க. அது நல்லா இருக்காது." பெண்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். "நான் இஸ்திரிப் பெட்டிதான் கேட்டேன். நீங்க கேமரா வாங்கிட்டு வந்ததும் எனக்கு வயிறு எரிஞ்சுது. பெட்டி வந்திருந்தா துணியை மட்டும் தேய்ச்சிருக்கும்."

"கடைசியில என்னதான் சொல்ல வரே?"

"அந்த ஸ்டூலை எடுத்துக் கொடுங்கன்னு சொல்ல வரேன். உட்கார இடம் பத்தலை."

இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலை எடுத்து நீட்டினார். அவள் அதை வாங்குவதற்கு முன்னால், வெள்ளைச் சுவரை ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தாள்.

அவர் மார்பில் தொங்கிய கேமரா, யாரும் தொடாமலே, 'க்ளிக்' என்றது.

ஸ்டூலோடு அவள் உள்ளே போனதும் கதவு சாத்திக்கொண்டது. சூப்பர்வைசர் ஹாலில் தனியாக உட்கார்ந்து திரையைப் பார்த்தார். மாதம் முழுக்கக் கெஞ்சியும் கிடைக்காத சிரிப்பு, கண்வரைக்கும் சிரிப்பு. முன்னால் ஸ்டூலைச் சுமந்துகொண்டு அவருடைய கை. சின்ன சென்சார் அல்லவா, அதுவும் தெளிவாகவே விழுந்திருந்தது.